மேமலையில் ஆள் இல்லை

காத்தமுத்து மேமலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவை கொஞ்சமே. கட்டடத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும். விடியக்காலையில் பச்சைப் பொத்தானை அமத்த வேண்டும். ஒலிபரப்பு முடிந்து தேசிய கீதம் போட்டதும் சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பெட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அங்கே ஆள் இல்லை.

றக்வானையிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறி, இனி முடியாது என்று நிற்கும் இடத்தில் பியசேன முதலாளியின் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. அதற்கும் மேலே ஓர் ஏற்றம். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் உச்சியில் ஒரு கொங்கிரீட் கட்டடம், பக்கத்தில் ஒரு கம்பிக் கோபுரம். கட்டடத்துக்குள்ளே ஆளை விட உயரமாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கொழும்பிலிருந்து கம்பி வழியாக மெலிந்து வரும் குரலை அது வாங்கி, ஊதிப் பெரிதாக்கிக் கோபுரத்துக்குக் கொடுக்கும். கோபுரம் அதைச் சுற்றிலும் உள்ள தோட்டங்களுக்குத் தமிழ்ச் சேவையாகக் கொடுக்கும். அதிகாரிகள் அந்தப் பெட்டியைப் 'பெருக்கி' என்றார்கள். காத்தமுத்துவின் பதவியும் 'பெருக்கி' தான். கூட்டிப் பெருக்குகிறவன் என்ற அர்த்தத்தில் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் போட்டது. ஓர் அறைக்குள் இரண்டு பெருக்கிகள் இருந்ததில் அந்தக் காலத்தில் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

அவனுடைய மனைவி சுப்பம்மா கீழே தேயிலைத் தோட்டத்தின் மேப்பிரிவில் கொழுந்தெடுத்தாள். நிலையத்துக்குப் பின்னால் இருந்த சிறிய கொட்டகையில் இருவரும் குடியிருந்தார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை அவர்கள் விட்ட மறுநாளே தோட்டம் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு நாடு முன்னேறத் தொடங்கியது. முன்னேற்றம் மேமலைக்கு லொறியில் வந்தது. மத்திய அலைபரப்பு அதிகாரசபையின் பிரதம பொறியியலாளர் சுந்தரலிங்கம் முன்னால் ஜீப்பில் வந்தார். பின்னால் லொறியில் ஓர் இரும்பு அலுமாரி வந்தது. ஏதோ ஒரு வெளிநாடு கடனாகக் கொடுத்த அலுமாரி. அதன் முகம் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள்.

"இனி இதைக் கொழும்பிலை இருந்தே நடத்துவம்," என்றார் சுந்தரலிங்கம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் புது வீடு கட்டிக் குடியேறியிருந்தார். "அங்கை பொத்தானை அமத்தினால் இங்கை பெருக்கி வேலை செய்யும். இங்கை என்ன நடந்தாலும் அங்கை விளக்கு எரியும். எல்லாம் சரியெண்டால் பச்சை, அதுக்குப் பேர் 'வழமை'. பிழையெண்டால் சிவப்பு, அது 'கோளாறு'. தொலைக் கண்காணிப்பு எண்டு சொல்லுறது. மனிசர் தேவையில்லை."

"அப்ப நான் என்னங்க ஐயா செய்யிறது?"

"அதைத்தானே சொல்லுறன். நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

காத்தமுத்து சந்தோஷமாகக் கொட்டகைக்குப் போய்ச் சுப்பம்மாவிடம் சொன்னான். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம்னா வேலை இல்லேன்னு அர்த்தம்," என்றாள்.

அது உண்மைதான் என்று அடுத்த நாள் தெரிந்தது. வாசலில் மூன்று மொழியிலும் ஒரு பலகை நட்டார்கள். 'ஆளில்லா நிலையம். உட்புகுவோர் கைது செய்யப்படுவர்.' பலகைக்குக் குழி வெட்டியவன் காத்தமுத்து. வெட்டி முடித்ததும், கொட்டகையைக் காலி பண்ணச் சொன்னார்கள். போக இடமில்லை, கொஞ்சம் தவணை கொடுங்கள் என்று கெஞ்சி, தவணை வாங்கினான்.

தவணை முடிவதற்குள் மழை பிடித்தது. மேமலையில் மழை என்றால் மேலேயிருந்து விழுவது மட்டுமல்ல; கதவிடுக்காலும் சாவித் துவாரத்தாலும் மூடுபனியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரும்பு அலுமாரிக்குள்ளும் உட்கார்ந்தது. ஒரு காலை பெருக்கி எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த போன் அடித்தது. ஆளில்லாத நிலையத்தில் போனை எடுக்கலாமா என்று காத்தமுத்துவுக்குத் தெரியவில்லை. அது விடாமல் அடித்தது. எடுத்தான்.

"அங்க யாராச்சும் இரிக்கிறீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

காத்தமுத்துவுக்குப் பலகை ஞாபகம் வந்தது. "இல்லைங்க," என்றான்.

"அப்ப நீங்க யாரு?"

"காத்தமுத்துங்க."

"நல்லதாப் போச்சி. நான் மர்சூக். கொழும்பு கொன்ட்ரோல் அறையில இரிக்கிறேன். காலையில இருந்து அமத்துறேன், ஒண்டும் நடக்குதில்ல. அந்தப் பச்சை பட்டன கொஞ்சம் அமத்தி விடுங்க."

அமத்தினான். பெருக்கியின் விசிறி உறுமிக்கொண்டு எழும்பியது. பக்கத்துச் சின்ன ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு வந்தது. தொலைக் கண்காணிப்பு அன்றிலிருந்து ஒழுங்காக நடந்தது. மர்சூக் கொழும்பில் பொத்தானை அமத்துவார், பிறகு போனில் கூப்பிடுவார், காத்தமுத்து மேமலையில் பொத்தானை அமத்துவான்.

விஷயம் தெரிந்து சுந்தரலிங்கம் மறுபடி வந்தார். அலுமாரியைத் திறந்து பார்த்தார். உள்ளே பாசி பிடித்திருந்தது. மூடினார். அலுமாரி வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வேலை செய்கிறது என்று அதிகாரசபையின் தவிசாளர் ஏற்கெனவே பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். காத்தமுத்துவை வைத்துக்கொள்ளவும் முடியாது. அங்கே ஆள் இல்லை என்பதும் அதே பத்திரிகையில் வந்திருந்தது. சுந்தரலிங்கம் நெற்றியைத் தடவிக்கொண்டு அறைக்குள் நடந்தார். நடந்தவர் நின்றார்.

"உம்மடை பதவி என்ன?"

"பெருக்கிங்க."

"மேமலையிலை பெருக்கி ஒண்டு இருக்குது, அதுக்குப் பராமரிப்புச் செலவு உண்டு எண்டு எழுதினால் பொய்யில்லைத்தானே," என்றார் அவர், தன்னிடமே பேசுகிறவர்போல. அவர் முகம் தெளிந்தது. "நீர் இரும். ஆனால் நீர் இருக்கக் கூடாது. விளங்குதோ?"

காத்தமுத்துவுக்கு விளங்கவில்லை. சுந்தரலிங்கம் விளங்கப்படுத்தினார். உடுப்பை வெளியே காயப் போடக் கூடாது. பகலில் அடுப்புப் புகை தெரியக் கூடாது. கோழி வளர்க்கக் கூடாது. போன் வந்தால் எடுக்கலாம், பேசக் கூடாது. ஆளில்லாத நிலையத்திலிருந்து 'ஹலோ' வந்தால் இடையில் இணைப்புக் கொடுத்துக் கேட்கிற தபால் கந்தோர்க்காரர் என்ன நினைப்பார்? ஆம் என்றால் வாய்ப்பகுதியில் விரலால் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு. கடைசியாக அலுமாரிக்குப் பின்பக்கம் கையை விட்டு ஒரு சுவிச்சைக் கீழே தள்ளினார். அது சோதனைக்காக வைத்த சுவிச்சு. அது கீழே இருக்கும் வரை கொழும்பில் 'வழமை' விளக்குத்தான் எரியும். பெருக்கி ஓடினாலும் எரியும், நின்றாலும் எரியும். மேலே தள்ளினால், பாசி பிடித்த அலுமாரி எந்நேரமும் 'கோளாறு' என்றுதான் காட்டும்.

"இதிலை மட்டும் கை வைக்காதையும். வைத்தீரோ, பிறகு நான் பொறுப்பில்லை."

அன்றிலிருந்து மேமலை எப்போதும் பச்சையாகவே இருந்தது.

திறப்பு விழாவுக்குத் தவிசாளரே வந்தார். வெளிநாட்டு நிபுணர் ஒருவரும், மாலைகளும், நாதஸ்வரமும், கண்டிய நடனமும் வந்தன. காத்தமுத்து விடியலிலிருந்தே அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றான். கொழும்பில் அமைச்சர் பொத்தானை அமத்தும்போது மர்சூக் போன் மணியை ஒரு தடவை அடிக்க விடுவார். அப்போது இவன் கையை நீட்டிப் பச்சையை அமத்த வேண்டும். சுப்பம்மா கொட்டகைக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தவிசாளர் பேசினார். சுந்தரலிங்கம் அதைச் செந்தமிழில் மொழிபெயர்த்தார்.

"மனிதன் என்பவன் என்ன? மனிதனுக்குப் பசிக்கிறது. மனிதன் நோயில் விழுகிறான். மனிதன் பண்டிகைக்கு விடுமுறை கேட்கிறான். ஆகக் கூடாதது, மனிதன் தான் கண்டதைப் போய் இன்னொருவரிடம் சொல்கிறான். இந்தக் குறைகள் யாவும் இன்றோடு இம்மலையில் நீங்கிவிட்டன. இங்கே எது நடந்தாலும் கொழும்புக்கு உடனே தெரியும். கொழும்புக்குத் தெரியாத எதுவும் இங்கே நடக்காது. எமது விளக்கு ஒருபோதும் பொய் சொல்லாது. ஏனெனில் அது என்ன சொல்ல வேண்டும் என்பதை நாங்களே தீர்மானிக்கிறோம்."

கைதட்டினார்கள். மணி அடித்தது. காத்தமுத்து கையை நீட்டினான், அமத்தினான். விசிறி உறுமியது. அலுமாரிக்குப் பின்னால் படிந்திருந்த தூசி ஒரேயடியாகக் கிளம்பி அவன் மூக்கில் ஏற, அடக்க முடியாமல் தும்மினான்.

நிபுணர் திரும்பிப் பார்த்தார்.

"அது பெருக்கியின் அமுக்கச் சமநிலை ஓசை," என்றார் சுந்தரலிங்கம் ஆங்கிலத்தில், கண் இமைக்காமல். நிபுணர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். பிற்பாடு மற்ற நிலையங்களுக்கு வந்த அலுமாரிகளிலும் அந்த ஓசை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டதாக மர்சூக் சொன்னார்.

மர்சூக் நல்ல மனிதர். யாரும் இல்லாத நேரத்தில் போன் எடுத்து, "பேசுங்க காத்தமுத்து, இப்ப இங்க ஆள் இல்ல," என்பார். "இங்கயும்தாங்க," என்பான் காத்தமுத்து. அதற்கு இருவரும் சிரிப்பார்கள். சுப்பம்மாவுக்குச் சிரிப்பு வராது. ஈரச் சேலையைக் கொட்டகைக்குள்ளேயே காயப் போட்டு, பூஞ்சணம் பிடித்த வாசத்தோடு அதைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போவதில் அவளுக்குச் சிரிக்க ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் இரத்தினபுரிக் கச்சேரியிலிருந்து, மாவட்ட அரசாங்கக் காரியாலயத்திலிருந்து, அவர்களுக்கு அழைப்பு வந்தது. அறுபத்துநாலில் இந்தியாவும் இலங்கையும் உட்கார்ந்து, தோட்டத்துச் சனத்தில் இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. அந்தப் பிரிவில் காத்தமுத்து இலங்கைப் பக்கம் விழ வேண்டும், பிரஜாவுரிமை வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். பிறந்ததும் இங்கே, பெற்ற தாயைப் புதைத்ததும் இங்கே. மனு பல வருஷம் தூங்கி எழும்பி இப்போதுதான் விசாரணைக்கு வந்திருந்தது. சுப்பம்மா இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கூடப் போனாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "நீங்க எங்க இருக்கிறது?"

"மேமலை நிலையத்துலங்க."

"எங்க வேலை?"

"அங்கயேதாங்க."

"அதிகாரசபையைக் கேட்டோம். அங்கே யாரும் குடியிருக்கவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை, நிலையம் ஆளில்லாதது என்று சொல்லியிருக்கிறார்கள்."

"இருக்கேனுங்களே ஐயா. இந்தா, உங்க முன்னால நிக்கிறேனே."

அதிகாரி கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார். "நீங்க இருக்கிறதா நீங்க சொல்றீங்க. இல்லைன்னு அரசாங்கம் சொல்லுது. நான் யாரை நம்புறது? அவங்ககிட்ட இருக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க."

சுந்தரலிங்கத்திடம் கேட்டபோது அவர் போனிலேயே பதறினார். "உமக்குப் பைத்தியமே? நீர் இருக்கிறீர் எண்டு நான் எழுதினால் தவிசாளர் பொய் சொன்னவர் எண்டெல்லே வரும்?" மனு திரும்பவும் தூங்கப் போயிற்று. இந்தியா அவனைக் கேட்கவில்லை. இலங்கை அவனைக் காணவில்லை. அன்றிரவு காத்தமுத்து சாப்பிடவில்லை.

எண்பத்தொன்றாம் ஆண்டு ஆடி முடியும்போதே காற்று மாறிவிட்டது. றக்வானைக் கடைத்தெருவில் அவன் நுழைந்தால் பேச்சு நிற்கும். முன்பின் தெரியாத ஆட்கள் ஜீப்பில் வந்து மேப்பிரிவு லயங்களைப் பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்கள். கொடகவெலப் பக்கம் தமிழர் கடைகள் எரிந்ததாக பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். காத்தமுத்து இதை மர்சூக்கிடம் சொன்னான். மர்சூக் தயங்கித் தயங்கி மேலே சொல்லிப் பார்த்தார். விளக்கு என்ன நிறம் என்று மேலே கேட்டார்கள். பச்சை என்றார். அப்புறம் என்ன என்று கேட்டார்கள்.

ஆவணியில் ஒரு காலை பியசேன முதலாளி மூச்சு வாங்க ஏற்றம் ஏறி வந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அந்த மனுஷன் கடையை விட்டு இவ்வளவு தூரம் ஏறி வந்ததே இல்லை.

"காத்தமுத்து, இன்னைக்கு கீழ போக வேணாம். வீட்டு நோனாவையும் அனுப்ப எப்பா, அனுப்ப வேணாம். வெளியாட்கள் லொறியில வந்திருக்காங்க," என்றார். அதற்கு மேல் நிற்கவில்லை. பின்பக்கக் குறுக்கு வழியால் இறங்கிப் போனார்.

சுப்பம்மா ஏற்கெனவே கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தாள். காத்தமுத்து அவளைத் தேடி ஓட எழும்பியபோது கீழே முதல் புகை தெரிந்தது. அவன் பாதி வழி போவதற்குள் சனம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. கொழுந்தெடுத்த பெண்கள் கூடையோடு வந்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கியவர்கள், வயசாளியை முதுகில் சுமந்தவர்கள். சுப்பம்மா யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அரசாங்கக் கட்டடம். அங்க வரமாட்டாங்கன்னு சொன்னேன்," என்றாள் அவனிடம். "கதவைத் தெறங்க."

காத்தமுத்து ஒரு கணம் பலகையைப் பார்த்தான். பிறகு திறந்தான். எல்லாரும் உள்ளே நெருங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் போனை எடுத்தான். தட்டவில்லை, பேசினான்.

"மர்சூக் ஐயா, லயத்துக்கு நெருப்பு வச்சிட்டாங்க. சனமெல்லாம் இங்க வந்திருக்கு. பொலிசுக்குச் சொல்லுங்க."

மர்சூக் ஓடிப் போய்ச் சுந்தரலிங்கத்தை அழைத்து வந்தார்.

"எங்கை வந்திருக்கினம்?" என்றார் சுந்தரலிங்கம்.

"இங்கங்க ஐயா. நிலையத்துக்குள்ள."

"அங்கை ஆக்கள் இல்லை, காத்தமுத்து."

"நெறைய இருக்காங்க ஐயா. பச்சப் புள்ளைங்க எல்லாம் இருக்கு."

"நான் சொல்லுறதைக் கேளும். வழமை விளக்கு எரியுது. நான் பொலிசுக்கு என்னெண்டு சொல்லுறது? ஆள் இல்லாத இடத்திலை ஆருக்கு ஆபத்து எண்டு கேப்பினம். அங்கை இருந்து சொன்னது ஆர் எண்டு கேப்பினம். ரெண்டு வருசமாய்ப் பொத்தானை அமத்தினது ஆர் எண்டு கேப்பினம். எனக்கும் பிள்ளையள் இருக்குது, காத்தமுத்து. நானும் ஒரு தமிழன். இந்தக் கதிரையிலை ஒரு தமிழன் இருக்கிறதே மேலை இருக்கிற ஆக்களுக்குப் பெரிய விசயம். கொஞ்சம் பொறும். எல்லாம் வழமைக்குத் திரும்பும்."

பெருக்கியின் பக்கத்துச் சின்ன ஒலிபெருக்கியில் செய்தி தொடங்கியது. இரத்தினபுரி மாவட்டத்தில் நிலைமை வழமையாக உள்ளது, வதந்திகளை நம்ப வேண்டாம் என்று ஓர் இனிமையான குரல் சொன்னது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பிறகு சன்னல் கம்பி வழியாகத் தங்கள் காம்பராக்கள் எரிவதைப் பார்த்தார்கள். அந்தக் குரலை இந்த மலையெல்லாம் பெரிதாக்கிக் கொடுப்பது தன் பெட்டிதான் என்பது காத்தமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. எழும்பிப் போய்ச் சிவப்பை அமத்தினான்.

குரல் நின்றது. விசிறியும் நின்றது. அவன் மறுபடி போனை எடுத்தான்.

"நிப்பாட்டிட்டேனுங்க," என்றான்.

"நிப்பாட்டினீங்களா?" மர்சூக்கின் குரல் தாழ்ந்திருந்தது. "இங்க பச்சைதான் எரியுது. ஒருத்தருக்கும் தெரியல்ல." அங்கே ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "காத்தமுத்து, இது செவப்பானாத்தான் பெரியாக்கள் கதிரைய விட்டு எழும்புவாங்க. வேற ஒண்டுக்கும் எழும்ப மாட்டாங்க."

காத்தமுத்து போனை வைத்துவிட்டு அலுமாரிக்குப் பின்னால் போனான். இதைத் தொட்டால் வேலை போகும், கொட்டகை போகும், என்றைக்காவது கிடைக்கலாம் என்றிருக்கிற பிரஜாவுரிமையும் போகும். சுப்பம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவிச்சை மேலே தள்ளினான்.

வெளியே ஆட்களின் பேச்சுக் குரல் கேட்டது. ஏற்றத்தில் ஏறி வருகிறார்கள். காத்தமுத்து கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டான். காலடிகள் பலகையடியில் நின்றன. ஒருவன் அதைச் சிங்களத்தில் உரக்க வாசித்தான். ஆள் இல்லையாம் என்று இன்னொருவன் சொல்ல, சிலர் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சுப்பம்மாவின் மடியிலிருந்த குழந்தை சிணுங்கத் தொடங்கியது. அவள் அதன் வாயைத் தன் மார்போடு அழுத்தினாள். அது திமிறியது. அறைக்குள் அவ்வளவு பேரின் மூச்சும் தனித்தனியாகக் கேட்கிற அமைதி.

காத்தமுத்து கையை நீட்டிப் பச்சையை அமத்தினான்.

விசிறி உறுமிக்கொண்டு எழும்பியது. குழந்தை வாய் விட்டு அழுதது. அழுகை உறுமலுக்குள் போய்விட்டது. வெளியே ஒருவன், மெஷின் தானாக ஓடுகிறது என்றான். ஆனாலும் அவர்கள் போகவில்லை. ஒரு கல் வந்து கதவில் விழுந்தது. பிறகு ஏதோ பாரமான ஒன்றால் கதவை இடிக்கத் தொடங்கினார்கள். தாழ்ப்பாள் ஆட ஆட, ஆண்கள் எழும்பிப் போய் முதுகைக் கொடுத்து நின்றார்கள். கதவின் மேல் கீல் கழன்றபோதுதான் ஏற்றத்தில் இராணுவ லொறியின் சத்தம் கேட்டது. கதவை இடிப்பது நின்றது. ஓடும் காலடிகள் புல்லுக்குள் போயின.

கொழும்பில் விளக்குச் சிவந்ததும் தவிசாளர் எழும்பியிருந்தார். வெளிநாட்டுக் கடனில் வாங்கிய பெருக்கிக்கு ஆபத்து என்று அவர் சொன்னதும், எம்பிலிப்பிட்டியப் பக்கம் போய்க்கொண்டிருந்த லொறியையே திருப்பிவிட்டார்கள். கீழே எரிகிற லயங்களைத் தாண்டித்தான் அது வந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

கதவு திறந்ததும் இளம் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, மெஷினுக்கு ஏதாவது சேதமா என்பதுதான். பிறகுதான் அவன் தரையைப் பார்த்தான். இவ்வளவு கண்கள் தன்னை நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டு துப்பாக்கியைத் தாழ்த்தினான். இங்கே யாரும் இல்லையென்றுதானே எனக்குச் சொன்னார்கள் என்று சிங்களத்தில் முணுமுணுத்தான்.

பொழுது சாயும் நேரம் சுந்தரலிங்கம் வந்து சேர்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே அலுமாரிக்குப் பின்னால் போய்ச் சுவிச்சைக் கீழே தள்ளினார். போன் எடுத்துக் கேட்டார். கொழும்பில் பச்சை வந்துவிட்டது. கீழே லயம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பெருக்கியிலை ஒரு பிழையும் இல்லை," என்றார் காத்தமுத்துவிடம். "பிழையில்லாமல் சிவப்பு எரிஞ்சது. இது பொய் எச்சரிக்கை. பெரிய குற்றம். உம்மை வேலையிலை இருந்து நிப்பாட்டச் சொல்லித் தவிசாளர் கத்துறார். நீர் வேலையிலை இல்லையெண்டு நான்தான் சமாளிச்சன். ஆனபடியால் உமக்குத் தண்டனை இல்லை." தான் செய்த உதவியை அவன் உணர வேண்டும் என்று கொஞ்சம் காத்திருந்தார். "உட்புகுந்த ஆள் எண்ட வகையிலை உம்மை மற்றவையோடை ஏத்திவிடுறதுதான் மரியாதை."

"உட்புகுந்தேனுங்களா? நான் இங்கயேதானேங்க இருந்தேன்."

"அதை இனிச் சொல்லாதையும்," என்றார் சுந்தரலிங்கம்.

எல்லாரையும் லொறியில் ஏற்றி இரத்தினபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுத்தார்கள். சிலர் இந்தியாவுக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். சிலர் வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறலாம் என்றார்கள். சுப்பம்மா வவுனியா என்றாள். அங்கே போனால் நம்மை எண்ணிப் பார்க்கிற ஆட்களாவது இருப்பார்கள் என்றாள். காத்தமுத்து சரியென்றான்.

வவுனியா லொறிகள் வந்த காலையில் முகாம் வாசலில் ஒரு மெலிந்த மனிதர் நின்று விசாரித்துக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதும் காத்தமுத்து எழும்பிவிட்டான். இவ்வளவு நாள் பேசியும் மர்சூக்கின் முகத்தை அவன் பார்த்ததில்லை. நினைத்ததைவிட வயதானவராக இருந்தார். ஒரு பார்சலில் பாண் ரொட்டியும் பழமும் கொண்டு வந்திருந்தார்.

இருவரும் ஒரு கணம் வெட்கப்பட்டு நின்றார்கள்.

"மேமலை இப்ப யாருங்க பாக்குறா?" என்றான் காத்தமுத்து.

"ஒருத்தரும் இல்ல. நீங்க போன அடுத்த மழைக்கே கரண்ட் போயி, பெட்டி நிண்டுட்டுது. நான் அமத்துறேன், அமத்துறேன், எழும்புதில்ல. போன் அடிக்கிறேன், அது அடிச்சிக்கிட்டே இரிக்கி. ஆனா விளக்கு பச்சை." மர்சூக் பெருமூச்சு விட்டார். "ஒரு முறைப்பாடும் வரல்ல. கேட்டுக்கிட்டு இருந்த சனம்தான் இங்க படுத்திரிக்கே, யாரு முறைப்பாடு செய்யிற? ஒரு கோளாறும் இல்லாத நிலையம்னு இந்த வருசம் மேமலைக்குத்தான் கேடயம்."

காத்தமுத்து பாணைப் பிய்த்துச் சுப்பம்மாவிடம் கொடுத்தான்.

"இன்னும் ஒரு விசயம்," என்றார் மர்சூக். "மேமலை இவ்வளவு நல்லா நடக்குதுன்னு, எங்கட கொன்ட்ரோல் அறையையும் ஆளில்லாம ஆக்கப் போறாங்க. அலுமாரி வந்திரிச்சி. பலகையும் எழுதியாச்சி. நேத்து ஐயா என்னைக் கூப்பிட்டு, நீர் இரும், ஆனால் இருக்கக் கூடாது எண்டார்." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதான் உங்கக்கிட்ட கேக்க வந்தேன். அப்பிடி இரிக்கிறது எப்பிடி?"

காத்தமுத்து யோசித்தான். அந்த வேலையைப் பற்றி அவனிடம் ஒருவர் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. இருமல் வந்தால் துணியைக் கடித்துக்கொள்ளச் சொன்னான். சுவரோரம் நிற்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டால் கால் மரத்துப்போகாது என்றான். வீட்டுக்காரியிடம் எதையும் மறைக்க வேண்டாம், அவளுக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்றான். லொறிக்காரன் ஹோன் அடித்தான். சுப்பம்மா மூட்டையோடு ஏறிவிட்டாள். காத்தமுத்துவும் ஏறிப் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளாப் போட்டு வைங்க," என்றான். "கீலையும் பாத்துக்குங்க. யாராச்சும் ஓடி வந்தா தெறந்து விட்டுட்டு, ஒடனே சாத்திருங்க."

மர்சூக் அவனை இரக்கத்தோடு பார்த்தார். பாவம், இவனுக்கு இன்னும் பயம் தெளியவில்லை என்று நினைத்தார்.

"அது கொழும்பு, காத்தமுத்து," என்றார். "சுந்தரலிங்கம் ஐயா மாதிரி பெரிய தமிழாக்கள் எல்லாம் வீடு கட்டி இரிக்கிற இடம். அங்க யாரு ஓடி வரப்போறா?"

லொறி புறப்பட்டது. வளைவு திரும்பும் வரை மர்சூக் பள்ளிக்கூட வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.